காலிக்குடமும் மனுவும்

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் வீடு மாறாமலேயே மாநிலம் மாறியவர்கள். கார்வேட்நகர் ஜமீனின் கீழ் இருந்த திருத்தணி வட்டாரம் 1911க்கு முன் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அதுவும் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் எல்லையை எழுதினார்கள், தலைவர்களை எழுதினார்கள், சிறை சென்றவர்களை எழுதினார்கள். எழுத வேண்டியவைதான். இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். ஊர் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, தெருவில் தண்ணீர் வராத ஒரு பெண்ணுக்கு என்ன மாறுகிறது? மனுவில் எழுத வேண்டிய முகவரி மாறுகிறது. கலெக்டர் இருக்கும் ஊர் முதலில் சித்தூர், பிறகு சைதாப்பேட்டை, பிறகு காஞ்சிபுரம், கடைசியில் திருவள்ளூர். தலைநகர் சென்னையாக இருந்து, கர்னூலாகி, ஐதராபாத்தாகி, மறுபடி சென்னையானது. அவள் இடுப்பில் இருந்த குடம் மட்டும் மாறவில்லை. மண், பித்தளை, பிளாஸ்டிக் என்று பொருள் மாறியது. சுமந்தவள் மாறவில்லை.

உள்ளாட்சி வரலாறு என்று நம் மாணவிகள் படிப்பது சட்டங்களின் வரிசை. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானம், 1884இன் சட்டங்கள், 1920இன் மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1958இன் பஞ்சாயத்துச் சட்டம், 1993இன் அரசியல் சட்டத் திருத்தங்கள். இந்த வரிசையில் பெண்கள் கடைசிப் பக்கத்தில், இடஒதுக்கீடு என்ற தலைப்பில் வருகிறார்கள். ஆனால் உள்ளாட்சியோடு தினமும் மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள்தாம். உறுப்பினராக இல்லை, மனுதாரராக. குழாய், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, கழிப்பறை என்று முறையிட்டுக்கொண்டே இருந்தவர்களின் வரலாறாக உள்ளாட்சியை எழுதிப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கும்.

தமிழர்களின் உள்ளாட்சிப் பெருமை பேசும் மேடைகளில் உத்திரமேரூர் தவறாமல் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொதுப்பணிக்குத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. இன்றைக்கும் தேவைப்படும் விதிதான். ஆனால் ஓலையில் பெயர் எழுதத் தகுதி என்ன? வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையே இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். பிராமணக் குடியிருப்பின் ஆண்களுக்காக எழுதப்பட்ட தகுதிப் பட்டியல் அது. பெண்களை விலக்கத் தனியாக ஒரு வரி தேவைப்படவே இல்லை. அந்த ஏரி வாரியத்தின் ஏரியிலிருந்து நீர் மொண்டவர்கள் யார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, பஞ்சாயத்து அமைப்பில் பெண்கள், குழந்தைகள் நலனில் அக்கறையுள்ள இரண்டு பெண்களை நியமித்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள் கூடி, தங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வது என்பது அதன் நடைமுறைப் பொருள். அந்தப் பெண் பேசவேண்டியது பெண்கள், குழந்தைகள் பற்றி. சாலையும் ஒப்பந்தமும் வரவு செலவும் மற்றவர்கள் பாடு.

அதனால் பெண்களுக்கு மிஞ்சிய கருவி மனு. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு மனுவின் மொழியில் ஓர் அக்கறை உண்டு. நம் இலக்கிய வரலாறுகள் மனுவை ஓர் இலக்கிய வகையாக ஏற்பதில்லை. ஆனால் கதை, கவிதை எழுதாத பெண்கள் வாழ்நாளில் எழுதிய, அல்லது எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்த ஒரே உரைநடை பெரும்பாலும் அதுதான். அதன் வடிவம் நம் எல்லோருக்கும் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள். ‘ஐயா, வணக்கம்’. ‘மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்’. ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’. ‘இப்படிக்கு’.

இந்த வடிவத்துக்குள் எத்தனை அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். பெண் தன் பெயரை எழுதியதும் அடுத்து ‘க/பெ’ என்று போட்டுக் கணவன் பெயர் எழுதுகிறாள். மணமாகாதவள் ‘த/பெ’ போடுகிறாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல எந்த ஆணின் மனைவி என்று முதலில் சொல்லியாக வேண்டும். பெறுநர் நாற்காலியில் ஒரு பெண் அதிகாரி இருந்தாலும் கடிதம் ‘ஐயா’ என்றே தொடங்குகிறது. வரி கட்டுகிறவள் ‘தாழ்மையுடன்’ கேட்கிறாள். எழுதத் தெரியாதவளுக்கு, அலுவலக வாசலில் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எழுதித் தருகிறார். அவள் பத்து நிமிடம் கோபத்தோடு சொன்னது அவர் கையில் நாலு வரியாகி, கோபம் வடிந்து, ‘ஆவன செய்யுமாறு’ என்று முடிகிறது.

வடிவத்துக்குள் அடங்காத கோபம் தெருவுக்கு வருகிறது. செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடமான தலைப்பு: காலிக்குடங்களுடன் பெண்கள் சாலை மறியல். செய்தியும் மனப்பாடம்தான். போலீசார் வந்தனர், அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தினர், பெண்கள் கலைந்து சென்றனர், அரை மணி நேரம் போக்குவரத்து பாதித்தது. இதற்கு முன் அந்தப் பெண்கள் எத்தனை மனு கொடுத்தார்கள் என்பது செய்தியில் இருக்காது. மறுநாள் தண்ணீர் வந்ததா என்பதும் இருக்காது. அவர்களுடைய பெயரும் இருக்காது. போக்குவரத்து தடைப்பட்ட அரை மணி நேரம் பதிவாகும். தண்ணீருக்காகக் காத்துக்கிடந்த மாதங்கள் பதிவாகாது. நம் காலத்துப் பெண்களின் அரசியல் வரலாற்றைத் தேடுகிற மாணவி இந்த இரண்டு பத்திச் செய்திகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

குடிநீர், சாக்கடை என்பவை ‘சின்ன விஷயங்கள்’ என்று சொல்லப்படுவதை நெசவு ஊர்களை வைத்து யோசிக்கலாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை என்று தறிச் சத்தம் கேட்கிற வட்டாரம் இது. நெசவு ஊரில் வீடுதான் பட்டறை. கைத்தறிக் காலத்தில் தெருவும் பட்டறையாக இருந்தது. விடியற்காலையில் பாவை நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தோய்ப்பது தெருவில்தான். அப்படிப்பட்ட தெருவில் சாக்கடை வழிந்தால் அது சுகாதாரக் கேடு மட்டுமா? பிழைப்புக் கேடும் ஆகும். கைத்தறிகளில் பெரும்பான்மை குழித்தறி. நெய்பவர் கால் வைக்கத் தரையில் பள்ளம் இருக்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுக்கொண்டு போனால், சில வருடங்களில் தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குத்தான் வரும். விசைத்தறி வந்த பிறகும் மோட்டார் இருப்பது அதே தரையில்தான். சாலையைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுத வேண்டியிருந்தது என்றால், அதுவரை எப்படிப் போட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஏட்டில் ‘சாலைப் பணி நிறைவு’ என்று பதிவாகும் அதே நாளில் ஒரு வீட்டின் தொழில் மூழ்கத் தொடங்கியிருக்கும்.

இந்தத் தொழிலில் தறியில் உட்காருபவர் நெசவாளி. நூல் சுற்றி, தார் போட்டு, அறுந்த இழையைப் பிணைத்துக் கொடுக்கிற பெண் ‘வீட்டில் சும்மா இருப்பவள்’. குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் வரும் என்று தெரியாத தெருவில், இந்தச் சும்மா இருப்பவளின் வேலைதான் தடைப்படுகிறது. ஒரு கணக்குப் போடுவோம். கிராமத்து வீடுகளுக்கு 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வைத்த அளவே ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் கொள்ளும். பதினெட்டுக் குடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொன்றும் 15 கிலோ எடை. தெருக்குழாயிலிருந்து இதைச் சுமப்பவளின் நேரத்துக்கு எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் ஒரு கட்டம் கிடையாது. பணியின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், முடிந்த தேதி என்று பலகை வைக்கிறோம். இந்தப் பணியால் எத்தனை பெண்களுக்கு எத்தனை மணி நேரம் மிச்சமானது என்று எந்தப் பலகையிலும் எழுதுவதில்லை.

1996 இந்தக் கதையில் ஒரு திருப்பம். 1986க்குப் பிறகு பத்தாண்டு கழித்துத் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் தந்த மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டோடு நடந்த முதல் தேர்தல் அது. மனு கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மனு வாங்கும் இடத்துக்கு வந்தார்கள். பலருடைய கணவர்களும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதும் உண்மைதான். அதை வைத்தே பெண் தலைவர்கள் எல்லோரும் பொம்மைகள் என்று கேலி பேசுகிறவர்கள், பொம்மையாக இருக்க மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மதுரை வில்லாபுரமும் நெசவாளர்கள் வாழும் பகுதி. அங்கிருந்து மாநகராட்சிக்கு மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினராக 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. தறி வேலையும் மாதர் சங்க வேலையுமாக வாழ்ந்தவர். குழாய் இல்லாத வில்லாபுரத்தில் தண்ணீர் ஒரு வியாபாரம். விற்கிறவர்கள் இருந்தார்கள், வாங்கித்தான் ஆக வேண்டியவர்கள் இருந்தார்கள். லீலாவதி குழாய் நீருக்காகப் போராடினார், கொண்டும் வந்தார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், கடைத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். மாமன்ற உறுப்பினராகி ஓராண்டுகூட ஆகவில்லை. வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் சிலர் 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி முன்கூட்டியே விடுதலையும் ஆனார்கள். குழாய்த் தண்ணீர் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நாம் லீலாவதியின் பெயரைச் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் அதைக் காசாக்குகிறவர் உண்டு. பெண்கள் குடத்தோடு நிற்கும் வரிசை இன்னொருவரின் வருமானம். அந்த வரிசையைக் கலைப்பவளை அவர்கள் சும்மா விடுவதில்லை.

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தின் ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்துப் பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்டப் புறம்போக்கு நிலத்தை எடுக்க முயன்றார். 2011 ஜூன் மாதம் அவரை வெட்டினார்கள். உடலெங்கும் காயங்களோடு உயிர் பிழைத்தார். இங்கே, நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தின் தலைவர் அமிர்தம், தலித் பெண். 2020 ஆகஸ்டு 15 அன்று பள்ளியில் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகே அவரால் கொடியேற்ற முடிந்தது. ஊரின் முதல் குடிமகளுக்குக் கொடிக்கயிற்றைத் தொட மாவட்ட ஆட்சியரின் துணை தேவைப்பட்டது. நாற்காலி கிடைத்த பிறகும் அவரை மனுதாரராகவே வைத்திருக்க ஊர் விரும்பியது.

இதற்கிடையே 2016 பிப்ரவரியில் இடஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றங்களின் காலம் அந்த மாதமே முடிந்தது. கிராம ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் இருந்தது, உட்கார இடம்தான் இல்லை. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019ஆம் ஆண்டின் வறட்சி இந்த இடைவெளியில்தான் வந்தது. குடத்தோடு தெருவில் நின்ற பெண்ணுக்குத் தன் வார்டு உறுப்பினர் யார் என்று கேட்க ஆளே இல்லை. பொதட்டூர்பேட்டை போன்ற பேரூராட்சிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. குடியரசு தினத்திலும் மே தினத்திலும் கூடும் அந்தச் சபையில் ஒரு பெண் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். கிராமத்திலிருந்து பேரூராட்சியாக ‘உயர்ந்த’ ஊரில் அந்த உரிமை இல்லாமல் போய்விடுகிறது.

மன்றம் இல்லாத இடத்தை மனு நிரப்பியது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண் திருவள்ளூர் போக வேண்டுமானால் திருத்தணி வந்து பேருந்து மாற வேண்டும், அன்றைய கூலியை விட வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அங்கே கொடுக்கும் மனு, உரிய நடவடிக்கைக்காக எந்த அலுவலகத்தைப் பற்றிப் புகார் சொன்னாளோ அதே அலுவலகத்துக்கு வந்து சேரும். 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் மனு கொண்டு வருபவர்களின் பைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பையைச் சோதித்த அளவுக்கு, பழைய மனு என்ன ஆயிற்று என்று சோதித்திருக்கலாம்.

இப்போது மனு கொடுப்பது எளிதாகியிருக்கிறது. 1100 என்ற எண் இருக்கிறது. 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முகாம்கள் ஊருக்கே வந்தன. பேருந்துச் செலவு மிச்சமாவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெண்கள் வரிசையில் நின்று பயன் பெற்றார்கள். ஆனாலும் இவை எல்லாவற்றிலும் ஓர் அடிப்படை மாறவில்லை. கேட்பவர் கீழே, கொடுப்பவர் மேலே. ‘குறைதீர்க்கும் நாள்’ என்ற பெயரிலேயே அது இருக்கிறது. கால்வாய் சரியாகக் கட்டப்படாதது கட்டியவரின் குறை. அதை மனுவில் எழுதிக்கொண்டு போனதும் அது அவளுடைய குறையாகிவிடுகிறது. ‘உங்களுக்கு என்னம்மா குறை?’ என்று கேட்கிறார்கள். அடுத்த கால்வாய் எங்கே, எவ்வளவு செலவில், எந்தப் பக்கம் சரிவு வைத்துக் கட்டுவது என்று முடிவு செய்யும் மேசைக்கு அவளை யாரும் அழைப்பதில்லை.

அழைத்தவர்கள் இருக்கிறார்கள். நாம் முதல் இடஒதுக்கீட்டுத் தேர்தல் நடத்திய அதே 1996இல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கியது. திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்றும், அந்தப் பணத்தில் பத்து விழுக்காடு பெண்களுக்கான திட்டத்துக்கு என்றும் ஒதுக்கியது. அங்கும் அந்தப் பணத்தைப் பெண்களின் பெயரில் வேறு வேலைக்குச் செலவழித்தது உண்டு. ஆனால் அதைத் தட்டிக்கேட்க ஒரு கணக்குத் தலைப்பு இருந்தது. நாம் நாற்காலியைக் கொடுத்தோம், சாவியைக் கொடுக்கவில்லை.

இப்போது நகர்ப்புறத்துக்கும் வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. பெயரளவுக்குக் கூடி டீ குடித்துக் கலைவதா, உண்மையிலேயே பேசுவதா என்பது அங்கே யார் போய் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தன் தெருச் சாலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் எந்தப் பெண்ணும் கேட்கலாம். அதில் ‘தாழ்மையுடன்’ என்ற சொல் தேவையில்லை. ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்கவும் சட்டம் இடம் தரவில்லை. தமிழில் ஒரு பெண் அரசுக்கு எழுதும் கடிதங்களில் கெஞ்சாமல் எழுதக்கூடியது இதுதான்.

மனுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வராத நாளில் மனுவும் வேண்டும், மறியலும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மனுவின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு, ரசீதோடு, உங்கள் சொந்தப் பெயரோடு. நாளை பகுதி சபையில் எழுந்து நிற்கும்போது அது சான்று. அதற்கும் பிறகு, உள்ளாட்சியின் வரலாற்றை எழுத உட்காரும் ஒரு மாணவிக்கு, ‘கலைந்து சென்றனர்’ என்று முடியும் செய்திக்கு அப்பால் அந்தப் பெண்கள் யார், என்ன கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்று சொல்ல அந்தக் காகிதம் இருக்கும்.